50 வாட்டும் மொட்டை மாடி கம்பியும் வச்சு சிக்யூ வேர்ல்ட்வைட்ல இறங்கலாமா?

முத்துநகர்_புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடில இருந்து எழுதுறேன். ஹாம் ரேடியோ (சொந்தமா ஸ்டேஷன் வச்சு ரேடியோல உலகத்தோட பேசுற பொழுதுபோக்கு) ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸ் வந்து கொஞ்ச மாசம் ஆகுது, வியூ த்ரீன்னு ஆரம்பிக்கிற கால்சைன் (ஸ்டேஷனோட அடையாளப் பேர்), 50 வாட். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஐகாம் 718 செட்டு வாங்கினேன். மாடில தண்ணி டேங்க் பக்கத்துல இரும்பு பைப் நட்டு 20 மீட்டர் பேண்டுக்கு தலைகீழ் V மாதிரி ஒரு இன்வெர்டட் வீ கம்பி ஆன்டெனா கட்டியிருக்கேன். சாயந்தரம் ஆயிட்டா ரஷ்யா, இத்தாலி, உக்ரைன்னு வரிசையா கேக்குது, கேக்க கேக்க ஆசையா இருக்கு, ஆனா நான் கூப்பிட்டா பாதி பேருக்கு நான் இருக்கிறதே தெரியல. அக்டோபர் கடைசி வாரம் சிக்யூ வேர்ல்ட்வைட் எஸ்.எஸ்.பின்னு, ரெண்டு நாள்ல எத்தனை ஸ்டேஷனோட பேச முடியும்னு பாக்குற குரல் கான்டெஸ்ட் வருதே, அதுல கலந்துக்கலாமான்னு ஃப்ரெண்டு ஒருத்தன்ட்ட கேட்டேன். அதெல்லாம் டவரும் பீம் ஆன்டெனாவும் கிலோவாட் லீனியர் ஆம்ப்ளிஃபையரும் வச்சிருக்கவங்களுக்கு, நீ உள்ள போனா நசுங்கிருவன்னு சொல்லிட்டான். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, நிஜமாவே அப்படித்தானா?

மலைக்கோட்டை_சிடபிள்யூ:

தம்பி, உங்க ஃப்ரெண்டு சொன்னது நேர் தலைகீழ். வருஷத்துல சின்ன ஸ்டேஷனுக்குன்னு ஒரு வாரக்கடைசி இருக்குன்னா அது இதுதான்.

ஏன்னு சொல்றேன். சாதாரண நாள்ல நீங்க கூப்பிடுற இத்தாலிக்காரரும் பெரும்பாலும் உங்கள மாதிரி ஒரு கம்பியோ வெர்ட்டிகலோ தான் வச்சிருப்பார், அவர் வீட்டுலயும் இரைச்சல் இருக்கும், உங்க 50 வாட் அந்த இரைச்சலுக்கு அடியில போயிடும். கான்டெஸ்ட் அன்னிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவர் 30 மீட்டர் டவர்ல ஒண்ணுக்கு மேல ஒண்ணா பீம் அடுக்கி வச்சிருக்கிற ஆள். அந்த ஆன்டெனா அவர் அனுப்புறதுக்கு மட்டும் உதவல, உங்களக் கேக்குறதுக்கும் அதே அளவு உதவுது. அதாவது அவர் போட்ட காசுல பாதி உங்களுக்காகவும் வேலை செய்யுது! அது போக அன்னிக்கு அவருக்கு உங்க கால் தேவை. சிக்யூ வேர்ல்ட்வைட்ல பேண்டுக்கு பேண்டு ஒவ்வொரு நாடும் ஒரு மல்டிப்ளையர் (மொத்த பாயின்ட்ட பெருக்குற எண்ல ஒண்ணு கூடும்), ஒவ்வொரு ஸோனும் ஒரு மல்டிப்ளையர், உலகத்த மொத்தம் 40 ஸோனா பிரிச்சிருக்காங்க. நம்ம இந்தியா 22-ஆவது ஸோன், இலங்கையும் மாலத்தீவும் அதே ஸோன் தான். இங்கேருந்து கான்டெஸ்ட்ல இறங்குறவங்க ஐரோப்பாவோட ஒப்பிட்டா ரொம்பக் கொஞ்சம். ஆக ஒரு ஜெர்மன்காரர் கூப்பிட்டா அவருக்கு அது இன்னொரு ஜெர்மன், நீங்க கூப்பிட்டா நாடும் ஸோனும் சேர்த்து ரெண்டு மல்டிப்ளையர். உங்க குரல் லேசா காதுல பட்டா போதும், அந்த மனுஷன் மத்தவங்கள நிறுத்தி வச்சு "விக்டர் யூனிஃபார்ம் மட்டும் வாங்க"ன்னு கூப்பிடுவார் (விக்டர், யூனிஃபார்ம்னா நம்ம கால்சைன் ஆரம்பிக்கிற வி, யூ எழுத்துங்க).

இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமைய விட்டுடாதீங்க. சனிக்கிழமை முதல் சில மணி நேரம் பெரிய ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் முடிக்கிற அவசரத்துல இருப்பாங்க, அப்ப 50 வாட்டுக்கு கொஞ்சம் கஷ்டம் தான். ஞாயிறு மதியம் பாருங்க, பெரிய பெரிய ஸ்டேஷன்லாம் ஆளில்லாம சிக்யூ சிக்யூன்னு (யாராவது பதில் சொல்லுங்கன்னு அர்த்தம்) கூப்பிட்டுட்டு இருப்பாங்க, எல்லாரையும் பேசி முடிச்சிருப்பாங்க, புதுசா ஒரு கால் கேட்டா அவ்வளவு சந்தோஷமா எடுப்பாங்க.

நம்ம நேரத்துக்கு சனி காலைல 5:30-க்கு ஆரம்பிச்சு திங்கள் காலைல 5:30-க்கு முடியும். முழுசா உக்காரணும்னு ஒண்ணும் இல்ல.

கோவை_சால்டரிங்:

மாற்றுக் கருத்து ஒண்ணு பதிவு பண்ணிக்கறனுங்க, புதுசா வர்ற தம்பிக்கு ரெண்டு பக்கமும் தெரியட்டும்.

எனக்கு கான்டெஸ்ட் ஒத்து வர்றதில்லைங்க. 48 மணி நேரம் 40 மீட்டர் பேண்ட திறந்தா ஒரு இஞ்ச் இடம் இருக்காது. காலைல நம்ம ஆளுங்க தமிழ்ல பேசிக்கிற நெட் அன்னிக்கு அடிபட்டுப் போயிடுது. ரெண்டாவது, சிக்னல் எப்படி கேக்குதுங்கற ரிப்போர்ட்டா எல்லாருக்கும் ஃபைவ் நைன் (முழு மார்க்) குடுக்குறாங்க. கஷ்டப்பட்டு மூணு தடவை கால்சைன் கேட்டு வாங்கிட்டு, கடைசில "யூ ஆர் ஃபைவ் நைன்"னா அந்த ரிப்போர்ட்டுக்கு என்னங்க மரியாதை? நான் பிட்எக்ஸ் செட்ட கையால கட்டுனவன். ஹைதராபாத்துல அஷர் ஃபர்ஹான் டிசைன் பண்ணி உலகம் பூரா கட்டுறாங்களே, அதே பிட்எக்ஸ் தான். கையில சுத்துன டொராய்டு காயில், கடைல கிடைக்கிற டிரான்சிஸ்டர், சில வாட் பவர், அதுல ஒருத்தர் கிட்ட நிஜமான ரிப்போர்ட் வாங்கி, அவர் என்ன ஆன்டெனா வச்சிருக்கார், ஊர்ல மழையா வெயிலான்னு அரை மணி நேரம் பேசுறதுல இருக்கிற நிறைவு நம்பர் ஓதுறதுல எனக்கு வரலைங்க.

தம்பி கலந்துக்கட்டும், வேண்டாங்கல. ஆனா டி.எக்ஸ்னா (தூர நாட்டு ஸ்டேஷனோட பேசுறது) கான்டெஸ்ட் மட்டும் தான்னு நினைச்சுக்க வேண்டாம். கான்டெஸ்ட் நடக்கிற அன்னிக்கு 30, 17, 12 மீட்டர் பேண்டுல போட்டி கிடையாது, 17, 12-க்கு போனா நிதானமா பேசுற ஆளுங்க கிடைப்பாங்க.

மலைக்கோட்டை_சிடபிள்யூ:

ஃபைவ் நைன் வெறும் சம்பிரதாயம்னு நீங்க சொல்றது சரிதாங்க, அதுல வாதாட ஒண்ணும் இல்ல. ஆனா அந்த எக்ஸ்சேஞ்ச்ல (ரெண்டு பேரும் மாத்திக்கிற தகவல்ல) நிஜமா சோதிக்கப்படுறது ரிப்போர்ட் இல்ல, கால்சைன். ஒரு எழுத்து தப்பா எழுதினா அந்த கான்டாக்ட் போச்சு, மேல அபராதப் பாயின்ட்டும் உண்டு. ரெண்டு பேர் லாகையும் (யாரோட பேசினோம்னு எழுதி வச்ச பதிவ) கம்ப்யூட்டர் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்குது. பத்து பேர் ஒரே நேரத்துல கத்துற இடத்துல ஒரு கால்சைன முழுசா, தப்பில்லாம பிரிச்சு எழுதுற காது சும்மா வராது.

அந்தக் காது எதுக்குன்னு 2004-ல பாத்தோம். அந்தமான்ல ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் அனுமதி கிடைச்சு பாரதி பிரசாத் தலைமைல ஒரு டீம் டிசம்பர்ல போர்ட் பிளேர் போனாங்க, வியூ ஃபோர் கால்ல உலகமே அவங்கள கூப்பிட்டுட்டு இருந்துச்சு. 26-ஆம் தேதி காலைல நிலநடுக்கம், அடுத்து சுனாமி. அவங்க டி.எக்ஸ நிறுத்திட்டு அதே செட்டு, அதே ஆன்டெனாவ வச்சு தீவுல இருந்து மெயின்லேண்டுக்கு தகவல் அனுப்ப ஆரம்பிச்சாங்க. யார் உயிரோட இருக்கா, யாருக்கு என்ன வேணும்னு. பைல்-அப்ல (ஒரே ஸ்டேஷன பல பேர் ஒரே நேரத்துல கூப்பிடுற நெரிசல்ல) பழகுன ஆளுங்கறதால கூட்டத்துக்கு நடுவுல ஒரு மெலிஞ்ச குரல பிடிச்சு பதில் சொல்றது அவங்களுக்குப் பழக்கப்பட்ட வேலை. இந்த விளையாட்ட வெறும் நம்பர் ஓதுறதுன்னு யாராவது சொன்னா எனக்கு அதான் ஞாபகம் வரும்.

ஸ்காபரோ_யாழ்:

வணக்கம். நான் டொராண்டோ பக்கம் ஸ்காபரோவில இருக்கிறன், வி.இ.த்ரீ கால். மறுகரையில இருந்து கேக்கிற ஆளா ஒரு விசயம் சொல்லுறன் தம்பி.

எங்கட பக்கத்தில இருந்து தமிழ்நாடு, இலங்கை எண்டால் 13 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. உலகப் படத்தைப் பாத்திட்டு ஆன்டெனாவக் கிழக்கால திருப்பப்படாது, கிட்டத்தட்ட வடக்கத்தான் பாக்கவேணும், பாதை கிரீன்லாந்துக்கு மேலால போகுது. அங்கதான் துருவ ஒளி தோன்றுற அரோரா வளையம். சூரியனில ஏதும் குழப்பம் எண்டால் அந்த வழி அப்பிடியே செத்துப்போகும், ஐரோப்பா எல்லாம் முழக்கமா வரும், இந்தியா ஒரு சொட்டும் வராது. அமைதியா இருக்கிற நாளில 20 மீட்டரில இரவு எங்களுக்கு, அதாவது உங்களுக்கு விடியக்காலம் ஆறு ஏழு மணிக்கு, கொஞ்ச நேரம் கதவு திறக்கும். அந்த நேரம் ஒரு வி.யூ கேட்டால் நான் எல்லாத்தையும் விட்டிட்டுக் கதிரையில நிமிந்து இருப்பன். சத்தியமாச் சொல்லுறன். ஃபோர் எஸ் செவன் (இலங்கைக் கால்) எண்டு ஒரு குரல் கேட்டால் சொல்லவே வேண்டாம், ஊர்க்குரல்.

ஆனபடியா சனி ஞாயிறு காலம்பற அந்த ஆறிலயிருந்து எட்டு மணியை நித்திரையில விட்டிடாதேங்கோ. அமெரிக்கா கனடாக்காரர் உங்களைத் தேடுற நேரம் அதுதான். மற்றது எங்கட வெள்ளை ஆக்களுக்கு "வி.யூ" எண்டு வேகமாச் சொன்னால் விளங்காது, "விக்டர் யூனிஃபார்ம்" எண்டு நிறுத்தி, ஒரே மாதிரி, ஒரே வேகத்தில சொல்லுங்கோ. விளங்கேல்லை எண்டு சத்தத்தைக் கூட்டினால் மைக் கிழியும், இன்னும் விளங்காது.

தாமிரபரணி_டைபோல்:

முத்துநகர் தம்பி, நான் பக்கத்து ஊரு தான், பாளையங்கோட்டை. உங்க கம்பி விஷயத்துக்கு வாறேன், ஏன்னா வெறும் 20 மீட்டர் மட்டும் வச்சிருந்தா ரெண்டு நாள்ல பாதிய விட்டுருவீய.

அதே பைப்புல, கேபிள் சேருற அதே ஃபீட் பாயின்ட்ல இன்னும் ரெண்டு ஜோடி கம்பி தொங்க விடுங்க. கணக்கு சுலபம், 143-அ மெகாஹெர்ட்ஸால வகுத்தா மொத்த நீளம் மீட்டர்ல வந்துரும். 21.25-க்கு 6.73 மீட்டர், ஒரு பக்கத்துக்கு 3.36. 28.5-க்கு மொத்தம் 5.02, பக்கத்துக்கு 2.5. கொஞ்சம் நீளமா வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் (கம்பி செட்டுக்கு ஒத்து வருதான்னு காட்டும்) பாத்து முனைய மடக்கிக்கிட்டே வாங்க. வீட்டு வயரிங் பண்ணுற தாமிரக் கம்பியே போதும். ஒரு விஷயம், உங்க ஊரு உப்புக்காத்து கோஆக்ஸ் கேபிள் ஜாயின்ட்ட சீக்கிரம் தின்னுரும். சீல் டேப் நல்லா சுத்திருங்க, இல்லன்னா உள்ள பச்சை பூத்துரும்.

இனி நேரம். காலைல ஏழு எட்டு மணிக்கு 15 மீட்டருக்கு போங்க, ஜப்பான் ஆஸ்திரேலியாலாம் கொட்டும். ஜப்பானுக்கு ஒரு பாயின்ட் தான், ஏன்னா நம்ம கண்டம். ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்காவுக்கு மூணு. நம்ம நாட்டுக்குள்ள பேசுனா பாயின்ட் சைபர், ஆனா மல்டிப்ளையர் கிடைக்கும், அதனால ஒரு வி.யூ-வயாவது எல்லா பேண்டுலயும் பேசி வச்சுக்கோங்க. மதியம் ஒண்ணரை ரெண்டுக்கு மேல 10 மீட்டர் ஐரோப்பாவுக்கு திறக்கும். அதான் தம்பி திருவிழா. 10 மீட்டர் திறந்திருந்தா 50 வாட்டெல்லாம் தாராளம், அங்க இரைச்சலும் கம்மி. சாயந்தரம் 15-க்கு, அப்புறம் 20-க்கு இறங்கிட்டே வாங்க. பொழுது அடைஞ்ச பிறகு குரல்லாம் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி நடுங்கும், பயந்து செட்ட கழட்டிராதீங்க, அது செட்டுக் கோளாறு இல்ல. பூமியோட காந்த நடுக்கோடு நம்ம திருநெல்வேலி ஒட்டித்தான் போவுது, சூரியன் விழுந்ததும் மேல அயனி மண்டலம் குமுறும், சிக்னல் சிதறும். கிருஷ்ணாபுரத்துல புவிகாந்த ஆய்வுக்கூடம் வச்சு ஆளுங்க இதத்தான் ஆராயுறாவ.

10 மீட்டர இந்த ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள அனுபவிச்சுருங்க. சூரியப் புள்ளி 11 வருஷத்துக்கு ஒருக்க ஏறி இறங்கும், இப்ப நடக்கிற 25-ஆவது சுழற்சி 2024 அக்டோபர் வாக்குல உச்சத்த தொட்டுட்டு இறங்க ஆரம்பிச்சாச்சு. இறக்கத்துலயும் கொஞ்ச காலம் நல்லாவே இருக்கும், பிறகு 10 மீட்டர் நாள்கணக்குல செத்துக் கிடக்கும். இந்த சூரியப் புள்ளிய கொடைக்கானல்ல நூறு வருஷத்துக்கு மேல படம் புடிச்சு வச்சிருக்காவ. 1909-ல எவர்ஷெட் அங்க உக்காந்துதான் புள்ளிக்குள்ள வாயு வெளிப்பக்கமா ஓடுறத கண்டுபிடிச்சாரு. கொடைக்கானலுக்கு டூர் போற நம்ம பயலுவ ஏரில படகு விட்டுட்டு வந்துருதான், நம்ம பொழப்பே தொங்குற சூரியன அங்கதான் பாக்காங்கன்னு யாருக்கும் தெரிய மாட்டேங்கு.

அப்புறம் முக்கியமா, அக்டோபர் கடைசின்னா வடகிழக்குப் பருவமழை. தூரத்துல இடி முழங்குனாலே செட்டுல சடசடன்னு கேக்கும். அந்தச் சத்தம் கிட்ட வருதுன்னா பாயின்ட் பாக்காதீங்க, கோஆக்ஸ செட்டுல இருந்து உருவி வெளிய போட்டுருங்க. மொட்டை மாடில நிக்குது இரும்பு பைப்பு, ஞாபகம் இருக்கட்டும்.

அடையாறு_அலைவரிசை:

நான் அபார்ட்மென்ட்வாசி, மூணாவது மாடி, பால்கனில கம்பி. நெல்லை அண்ணா சொன்ன "இரைச்சல் கம்மி"ங்கிறது எங்க ஏரியால கற்பனை. எல்.இ.டி பல்பு, லிஃப்ட் மோட்டார், மாடி சோலார் இன்வெர்ட்டர்னு 20 மீட்டர்ல சிக்னல் பலத்த காட்டுற எஸ் மீட்டர் இரைச்சல்லயே எப்பவும் ஏழுல நிக்கும்.

அதனால நான் எஃப்.டி.8-ங்கிற கம்ப்யூட்டர் வழி டிஜிட்டல் முறை பக்கம் போயிட்டேன், அதுக்கு இந்த இழைல யாரும் ஒரு வார்த்தை சொல்லலையேன்னு எழுதுறேன். 2017-ல ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் வெளியிட்டாங்க. ஜோ டெய்லர் பல்சார் ஆராய்ச்சிக்கு 1993-ல நோபல் வாங்கின அதே விஞ்ஞானி. 15 செகண்டுக்கு ஒரு முறை, 50 ஹெர்ட்ஸ் அகலம், காதுக்கு சுத்தமா கேக்காத சிக்னல கூட எழுத்தா எடுத்துக் குடுக்கும். பால்கனில இருந்து நான் பிரேசில் பேசினது அதுல தான். குரல்ல அது எனக்கு இந்த வீட்டுல நடக்கவே நடக்காது. அது டி.எக்ஸ் இல்ல, கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்குதுன்னு சில பெரியவங்க சொல்றப்ப வருத்தமா இருக்கு. ஆன்டெனா எந்தப் பக்கம், பேண்டு எப்ப திறக்கும், யாரக் கூப்பிடணும், இதெல்லாம் நான் தானே முடிவு பண்றேன்?

தம்பிக்கு ஒரு தகவல், ஆகஸ்ட் கடைசில வேர்ல்ட்வைட் டிஜின்னு எஃப்.டி.8, எஃப்.டி.4-க்குன்னே கான்டெஸ்ட் இருக்கு, 2019-ல இருந்து நடக்குது. அதுல தூரத்துக்கு தான் பாயின்ட், 3000 கிலோமீட்டருக்கு ஒரு பாயின்ட் ஏறும். லண்டன் நமக்கு மூணு பாயின்ட், ஸ்காபரோ அண்ணாவ பிடிச்சா அஞ்சு. எக்ஸ்சேஞ்ச்சா கிரிட் (நம்ம இடத்தோட வரைபடக் கட்டக் குறியீடு) அனுப்பணும், எனக்கு என்.கே.03, உங்களுக்கு எம்.ஜே.98 வரும்.

செப்டம்பர் முதல் வாரக்கடைசில ஜப்பான்காரங்க நடத்துற ஆல் ஏஷியன் குரல் கான்டெஸ்டும் நல்லா இருக்கும். நம்ம ஆசியா, அதனால உலகமே நம்மளத் தேடும். அங்க ஸோனுக்கு பதிலா வயசு சொல்லணும்! பெண்கள் சைபர் சைபர்னு அனுப்பலாம்னு விதி இருக்கு. நான் என் வயசையே அனுப்புறேன்.

மலைக்கோட்டை_சிடபிள்யூ:

அடையாறு அம்மா, நான் சாவி தட்டுறவன், எனக்கு மோர்ஸ்தான் உசுரு, ஆனா நீங்க சொன்னதுல ஒரு குறையும் இல்ல. பால்கனில இருந்து பிரேசில் போனது போனது தான். என் வருத்தம் வேற. புதுசா வர்ற பசங்க எஃப்.டி.8-லயே நின்னுட்டா குரல்லயும் மோர்ஸ்லயும் பதில் சொல்ல ஆள் இருக்காது, பேண்டு திறந்திருக்கும், யாரும் கூப்பிட மாட்டாங்க. பல நாள் 10 மீட்டர்ல எஃப்.டி.8 ஃப்ரீக்வென்சி மட்டும் நிரம்பி வழியுது, மேல போனா வெட்டவெளி. அந்த வெட்டவெளில ஒரு சிக்யூ போட்டுப் பாருங்க, ஆச்சரியமா இருக்கும்.

இரைச்சலுக்கு ஒரு வழி. செட்ட 12 வோல்ட் பேட்டரில ஓட்டிட்டு வீட்டு மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணிப் பாருங்க. எஸ் மீட்டர் சரசரன்னு விழுந்தா குத்தவாளி உங்க வீட்டுக்குள்ள. ஒவ்வொரு எம்.சி.பி-யா போட்டுப் பாத்தா எந்த ரூம்னு தெரியும், பெரும்பாலும் மட்டமான எல்.இ.டி பல்போ போன் சார்ஜரோ தான். ஏரியாவுக்கே கரண்ட் போற நேரத்த எப்பவும் விடாதீங்க, அந்த ஒரு மணி நேரம் 40 மீட்டர் எவ்வளவு ஆழமா இருக்கும்னு அப்பதான் தெரியும்.

முத்துநகர்_புதுசு:

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, ரொம்ப நன்றி. நெல்லை அண்ணாச்சி சொன்ன அளவுலயே 15, 10 ரெண்டுக்கும் கம்பி ஏத்திட்டேன். இன்னும் ரெண்டு கேள்வி. ஒண்ணு, நானே சிக்யூ போடணுமா, இல்ல மத்தவங்கள தேடித் தேடி கூப்பிடணுமா? ரெண்டு, பெரிய பைல்-அப் இருந்தா 50 வாட் என்ன பண்ணும்?

தாமிரபரணி_டைபோல்:

தேடிப் போங்க தம்பி. பேண்டோட ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு மெதுவா டயல திருகிட்டே மறு ஓரம் வரைக்கும் போங்க, பலமா கேக்குறவன கூப்பிடுங்க, பலமா கேக்குதுன்னா அவன் ஆன்டெனா உங்க பக்கம் பாக்குதுன்னு அர்த்தம். மூணு நாலு தடவ கூப்பிட்டும் எடுக்கலையா, ஃப்ரீக்வென்சிய மெமரில போட்டுட்டு அடுத்தவன்ட்ட போயிருங்க, அரை மணி கழிச்சு வாங்க. 10 மீட்டர் நல்லா திறந்திருந்தா மேல 28.6-க்கு மேல காலியிடம் பாத்து நீங்களே சிக்யூ போட்டுப் பாருங்க, ஒருத்தன் உங்கள கிளஸ்டர்ல (யார் எங்க கேக்குறாங்கன்னு போடுற நெட் பட்டியல்ல) போட்டான்னா போதும், கூட்டம் தானா வரும்.

பைல்-அப்ல எல்லாரும் கத்தி முடிச்சு ஒரு நொடி அமைதி வரும் பாத்தியளா, அப்ப உங்க கால ஒருக்க, ஒரே ஒருக்க முழுசா சொல்லுங்க. கடைசி ரெண்டு எழுத்து மட்டும் சொல்லுற பழக்கம் வேண்டாம், அது அந்த ஆளுக்கு வேலைய ரெட்டிப்பாக்கும். கான்டெஸ்ட்ல பேசுற ஃப்ரீக்வென்சிலயே தான் கேப்பாங்க. டி.எக்ஸ்பெடிஷன்னா (அரிதான இடத்துக்குப் போயி பேசுற டீம்) வேற, அவங்க பேசுறது ஒரு இடம், கேக்குறது அஞ்சு பத்து கிலோஹெர்ட்ஸ் மேல, ஸ்பிளிட் போடாம கூப்பிட்டா அடுத்தவங்களுக்கு தொந்தரவு. கூப்பிடுறதுக்கு முன்னாடி அவர் யாருக்கு பதில் சொல்லுதாரு, அந்த ஆள் எங்க இருந்து பேசுதான்னு கேட்டு வச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

ஸ்காபரோ_யாழ்:

இன்னொண்டும் சேர்த்துக்கொள்ளுங்கோ. லைசென்ஸ் எடுத்து மூண்டு வருசத்துக்கு உள்பட்ட ஆக்களுக்கு ரூக்கி எண்டு தனிப் பிரிவு இருக்கு, பதியேக்க அதைக் குறியுங்கோ. 100 வாட் வரைக்கும் லோ பவர். முழு உலகத்தோடயும் மோதத் தேவையில்லை, உங்கட நாட்டுக்குள்ள ரூக்கி லோ பவரில எத்தினை பேர் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

முத்துநகர்_புதுசு:

கான்டெஸ்ட் முடிஞ்சுது. இன்னும் காதுக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதோட எழுதுறேன்.

சனிக்கிழமை காலைல கொஞ்ச நேரம் ஒருத்தரும் எடுக்கல, மனசு விட்டுப் போச்சு. ஏழரைக்கு 15 மீட்டர் போனேன், முதல் ஜப்பான்காரர் ஒரே கூப்பிடுல எடுத்தார், அவ்வளவுதான், மதியம் வரைக்கும் எழுந்திரிக்கல. ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, நியூசிலாந்து, ஹவாய். ரெண்டு மணிக்கு மேல 10 மீட்டர் அண்ணாச்சி சொன்ன மாதிரியே திறந்துச்சு, பேண்டு முழுக்க குரல், எங்க திருகினாலும் குரல். அம்மா சோத்துத் தட்ட செட்டு பக்கத்துலயே வச்சுட்டு போயிட்டாங்க.

ஒண்ணே ஒண்ணு விவரமா சொல்லணும். கேனரி தீவு ஸ்டேஷன் ஒண்ணு, ஆப்பிரிக்கா பக்கம் 33-ஆவது ஸோன், எனக்கு அந்த ஸோனே இல்ல. ஐரோப்பா மொத்தமும் அவர் மேல விழுந்து கிடக்கு, ஒரு சுவரு மாதிரி சத்தம். அண்ணாச்சி சொன்னபடி கத்தாம காத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் யாருக்கோ பதில் சொல்லி முடிக்கிறப்ப ஒரு மூச்சு விடுற இடைவெளி வருது. அந்த இடைவெளில என் கால நிறுத்தி ஒருக்க சொன்னேன். அவர் "தி விக்டர் யூனிஃபார்ம் ஸ்டேஷன், எகெய்ன்"ன்னார். எனக்கு கை நடுங்குது. திரும்பச் சொன்னேன், நடுவுல ஒரு இத்தாலிக்காரர் மேல ஏறிட்டார், அவர நிறுத்தச் சொல்லிட்டு "ஒன்லி விக்டர் யூனிஃபார்ம்"னு ரெண்டாவது தடவையும் எனக்காக கேட்டார். மூணாவது தடவை முழு கால்சைனும் சரியா திருப்பிச் சொல்லி "ஃபைவ் நைன் த்ரீ த்ரீ"ன்னார். நான் "ஃபைவ் நைன் டூ டூ". "தேங்க் யூ ஃபார் த மல்டிப்ளையர்"னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்கு போயிட்டார். மலைக்கோட்டை ஐயா முதல் பதிவுல சொன்னத அப்படியே காதால கேட்டேன்.

ஞாயித்துக்கிழமை சாயந்தரம் இடி வந்துச்சு, கோஆக்ஸ உருவிட்டு ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன், அந்த நேரம் பொறுக்கவே முடியல. திங்கள் காலைல அஞ்சு மணிக்கு மழை விட்டதும் கடைசி அரை மணி நேரம் 20 மீட்டர்ல அமெரிக்கா கிடைச்சுது. ஸ்காபரோ அண்ணன தேடுனேன், கிடைக்கல.

ஸ்காபரோ_யாழ்:

தம்பி நான் அந்த நேரம் 15 மீட்டரில நிண்டுட்டன், சரியான கவலை. நவம்பரில மோர்ஸ் பகுதி வருது, அது உங்களுக்கு ஏலாது எண்டால், மார்ச் கடைசியில சிக்யூ டபிள்யூ.பி.எக்ஸ் குரல் இருக்கு. ஞாயிறு உங்கட விடியக்காலம் ஆறே முக்காலுக்கு 14.250-க்குக் கொஞ்சம் மேல கீழ தேடுங்கோ, நான் உங்கட பக்கம் ஆன்டெனாவத் திருப்பி வச்சுக்கொண்டு இருப்பன்.

கோவை_சால்டரிங்:

படிக்கப் படிக்க நல்லா இருந்துச்சுங்க தம்பி. அந்த கேனரி ஆள் மூணு தடவை நின்னு கேட்டாரு பாருங்க, அது எனக்கே பிடிச்சிருக்கு. காலை நெட்டுக்கும் ஒரு நாள் வாங்க, அந்த கான்டாக்ட்ட எல்லாருக்கும் தமிழ்ல சொல்லுங்க. அப்படியே பிட்எக்ஸ் போர்டு ஒண்ணு சும்மா கிடக்கு, கட்ட ஆசை இருந்தா தனிச்செய்தில சொல்லுங்க, பார்சல்ல போட்டு விடறேன்.

மலைக்கோட்டை_சிடபிள்யூ:

லாக அனுப்பியாச்சா தம்பி? கான்டெஸ்ட் முடிஞ்சு அஞ்சு நாள் தான் டைம். கேப்ரில்லோ ஃபைலா (கான்டெஸ்ட் லாகுக்குன்னு இருக்கிற வடிவம்) எடுத்து, ரூக்கி, லோ பவர் ரெண்டும் சரியா விழுந்திருக்கான்னு பாத்துட்டு ஏத்துங்க. கொஞ்சம் தான் பேசினோம், எதுக்கு அனுப்பணும்னு நிறைய பேர் விட்டுடுறாங்க, அப்படி விடாதீங்க. அடுத்தவங்க லாக சரி பாக்குறதுக்கும் உங்க லாக் வேணும். அப்படியே லாக்புக் ஆஃப் த வேர்ல்ட் சைட்லயும் ஏத்திடுங்க, 100 நாடு உறுதியாச்சுன்னா டி.எக்ஸ்.சி.சி விருது, இந்த ரெண்டு நாள்லயே அதுல பெரிய பங்கு உங்களுக்கு வந்திருக்கும்.

மோர்ஸ் விஷயம், நவம்பருக்குள்ள முடியாதுன்னு யார் சொன்னா? கான்டெஸ்ட்ல தேவைப்படுறது உங்க கால்சைன், ஃபைவ் நைன் நைன், ஸோன், இவ்வளவு தான். அனுப்புறத கம்ப்யூட்டர் பாத்துக்கும், அவர் கால்சைன காதால பிடிக்கிறது மட்டும் பழகணும். ஒரே ஸ்டேஷன் திரும்பத் திரும்ப அதே கால அனுப்பிட்டே இருப்பார், முதல் தடவை ரெண்டு எழுத்து, அடுத்த தடவை மிச்சம்னு சேர்த்து எழுதிக்கலாம். தினம் ராத்திரி 9 மணிக்கு 40 மீட்டர்ல மெதுவா தட்டுறேன், 7.020 பக்கம், நாளைக்கே வாங்க.

முத்துநகர்_புதுசு:

லாக் ஏத்திட்டேன் ஐயா, ஏத்துக்கிட்டதா மெயில் வந்துருச்சு. ஆனா 40 மீட்டருக்கு என்கிட்ட கம்பியே இல்லையே? 143-அ 7.02-ஆல வகுத்தா 20.4 மீட்டர் வருது, மாடி அகலம் மொத்தமே 9 மீட்டர். பக்கத்து வீட்டுல ஒரு தென்னை இருக்கு, கேட்டா கட்டிக்க விடுவாங்க.

தாமிரபரணி_டைபோல்:

தென்னையா, விடாதீங்க. ஆனா மரத்துல இறுக்கிக் கட்டிராதீங்க, காத்துக்கு ஆடுச்சுன்னா கம்பி அறுந்துரும். முனைல நைலான் கயிறு, நடுவுல ஒரு கப்பி, கீழ ஒரு செங்கல்லு வெயிட்டு. ஞாயித்துக்கிழமை நான் உங்க ஊருக்கு வாறேன், சேர்ந்தே ஏத்திருவோம்.